வெளிற்றிய வெள்ளியும் தீட்டிய நிறமும்: மௌனப்பட காலத்து நிறந்தீட்டற் கலையும் அதன் உழைப்பாளரும்

திரைப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் இரண்டு எல்லைக் கற்களை நட்டு அதனைப் பிரித்துக் காட்டுவது வழக்கம். 1927ஆம் ஆண்டை அண்டிப் படம் பேசத் தொடங்கியது என்பது ஒன்று. 1930களில் ரெக்னிக்கலர் முறையின் வளர்ச்சியோடு படம் நிறம் பெற்றது என்பது மற்றையது. இவற்றுள் முதலாவது பெரும்பாலும் ஏற்கத்தக்கது. இரண்டாவது உண்மைக்குப் புறம்பானது. படம் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே அதற்கு நிறமும் வந்துவிட்டது. 1920களின் தொடக்கத்தில் திரையிடப்பட்ட படங்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் நிறமூட்டப்பட்டவையாக இருந்தன என மதிப்பிடும் ஆய்வாளர் உளர்.

அவ்வாறாயின் அந்நிறங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றின் பொருட்டுப் படச்சுருளின் கருமை எவ்வாறு வெளிற்றப்பட்டது? அவ்வேலையைச் செய்தோர் யாவர்? அவர்கள் வரலாற்றின் ஏடுகளிலிருந்து மறைந்தது எவ்வாறு? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிறம் விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்பாக ஒருநாள் திடீரென வந்து சேர்ந்தது என்னும் கருத்து, பல நூறு தொழிலாளரின் கையுழைப்பை நமது கண்ணிலிருந்து மறைத்து நிற்கின்றது என்பதே இங்கு நிறுவப்படவிருக்கும் முடிபு.

வெள்ளியும் சாயமும்

முதலில் படச்சுருளின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். கண்ணாடி போன்று தெளிந்த செலுலொயிட் பட்டியின் மீது ஜெலற்றின் படையொன்று பூசப்பட்டிருக்கும். அப்படையினுள் வெள்ளியின் உப்புக்கள் பரந்திருக்கும். ஒளிபட்ட இடங்களில் உள்ள உப்பு, உருத்துலக்கும் கரைசலிற் கருநிற வெள்ளித் துணிக்கைகளாக மாறுகின்றது. நாம் கறுப்பு வெள்ளைப் படம் எனக் கூறுவது உண்மையில் வெள்ளி என்னும் உலோகத்தினால் வரையப்பட்ட படமேயாகும்.

இவ்வெள்ளி ஒளியைத் தடுப்பது. சாயமோ ஒளியைத் தன்னூடே செல்லவிட்டு அதற்கு நிறங்கொடுப்பது. ஆகவே கருமை செறிந்த இடத்தில் எத்துணை அழகிய சாயத்தைத் தீட்டினாலும் திரையில் அது புலப்படாது. வெளிறிய இடத்திலேயே நிறம் நிற்கும். நிறந்தீட்டுவோர் எதிர்நோக்கிய அடிப்படைச் சிக்கல் இதுவே. இதனைத் தீர்க்க மூன்று வழிகள் காணப்பட்டன. வெள்ளியை அவ்வாறே விட்டு வெளிறிய இடங்களில் மாத்திரம் தீட்டுதல் முதலாவது வழி. வெள்ளியை இரசாயன முறையில் வெளிற்றி அதன் இடத்தில் வேறு நிறப்பொருளை இருத்துதல் இரண்டாவது. வெள்ளியை முற்றாக நீக்கி வெறும் பட்டியின் மீது தீட்டுதல் மூன்றாவது. வரலாறும் ஏறத்தாழ இவ்வொழுங்கிலேயே சென்றது.

முதல் வழிக்குத் தக்க சான்று, எடிசன் நிறுவனம் 1895ஆம் ஆண்டளவில் எடுத்த அனபெல் என்னும் நடனமாதின் பாம்பு நடனப் படமாகும். லோயீ புல்லர் என்பவர் புகழ்பெறச் செய்த அந்நடனத்தில், ஆடுபவரின் அகன்ற வெள்ளாடை மீது பல நிற விளக்குகளின் ஒளி மாறிமாறி வீசப்படும். அவ்வொளியின் நிறத்தைப் படப்பிடிப்புக் கருவியாற் பதிவு செய்ய முடியவில்லை. வெள்ளாடையை மாத்திரமே அது பதிந்தது. அவ்வெண்மையின் மீது தூரிகையேந்திய கை நிறத்தைத் தீட்டியது. தொடக்ககாலப் படங்களில் நடன மாதர் மீண்டும் மீண்டும் தோன்றியமைக்கு வெள்ளாடை நிறந்தீட்ட ஏற்ற வெளியாக அமைந்ததும் ஒரு காரணம் எனலாம்.

துயிலியே பட்டறை

பிரான்சில் ஜோர்ஜ் மெலியெஸ் தமது மாயப் படங்களை உருவாக்கிய காலத்தில் நிறந்தீட்டல் ஒரு தொழிலாக வளர்ந்தது. மெலியெஸ் தமது காட்சித் திரைகளைச் சாம்பல் நிறப் படிநிலைகளிலேயே தீட்டுவித்தார். அக்காலப் படச்சுருள் சிவப்பைக் கருமையாகவும் நீலத்தை வெண்மையாகவும் பதிந்தமையால், உண்மை நிறங்கள் எதிர்பாராத விளைவுகளைத் தந்தன. எனவே அரங்கத்தில் நிறத்தை நீக்கிவிட்டுப் பின்னர் படச்சுருளில் நிறத்தைச் சேர்க்கும் முறை எழுந்தது. சேர்க்கும் பணி பாரிசில் துயிலியே அம்மையாரின் பட்டறையில் நடைபெற்றது.

அப்பட்டறை பற்றி நாம் அறிவனவற்றுட் பல, 1929இல் துயிலியே அம்மையார் செய்தியாளர் ஒருவருக்குக் கூறிய நினைவுகளிலிருந்து கிடைப்பவை. 220 பெண்கள் அங்கு பணியாற்றினர். அனிலீன் சாயங்களை நீரிலும் மதுசாரத்திலும் கரைத்துப் பயன்படுத்தினர். இரவில் அம்மையார் நிறங்களைத் தெரிந்து மாதிரி செய்வார். பகலில் தொழிலாளர் அவற்றைத் தீட்டுவர். ஒரு பெண் ஒரே நிறத்தை மாத்திரம் தீட்டினாள். அவள் தன் நிறத்தை முடித்ததும் சுருள் அடுத்தவளிடம் செல்லும். ஒரு படத்தில் இருபதுக்கு மேற்பட்ட நிறங்கள் இடம்பெறுவதும் உண்டு. 300 மீற்றர் நீளமான ஒரு பிரதிக்கு 6,000 தொடக்கம் 7,000 பிராங்கு செலவாயிற்று என்றும், ஒரு படத்திற்குச் சராசரியாக அறுபது பிரதிகள் தீட்டப்பட்டன என்றும் அவர் கூறினார்.

இத்தொகைகளின் பொருளைச் சற்றுக் கணித்துப் பார்த்தல் தகும். 300 மீற்றர் சுருளில் ஏறத்தாழ 15,800 படச்சட்டங்கள் உள. அறுபது பிரதிகளுக்கு ஒன்பதரை இலட்சம் சட்டங்கள் ஆகின்றன. ஒவ்வொரு சட்டமும் 24 மில்லிமீற்றர் அகலமும் 18 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அதனுள் வரும் மனித முகம் பெரும்பாலும் ஓர் அரிசி மணியினும் சிறியது. அச்சட்டம் ஆறு மீற்றர் அகலமான திரையில் 250 மடங்காகப் பெருக்கப்படுகின்றது. தூரிகை கால் மில்லிமீற்றர் விலகினால் திரையில் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் நிறம் வழிந்து தோன்றும். இவ்வளவு நுண்ணிய வேலையை அப்பெண்கள் நாள்தோறும், ஒரே நிறத்தைக் கொண்டு, முழுப் படத்தையும் திரையிற் காணும் வாய்ப்பு உறுதியாக இன்றிச் செய்தனர். ஒருவர் ஒரு செயலை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைப் பிரிவினை, பெரும் ஆலைகளில் மாத்திரமன்றி, தூரிகை ஏந்திய பட்டறையிலும் நிலவியமை கவனித்தற்குரியது.

இன்னொரு செய்தியும் உண்டு. நெடுங்காலம் ஒருவரே எனக் கருதப்பட்ட 'துயிலியே அம்மையார்' உண்மையில் இருவர். பட்டறையை நடத்திய எலிசபெத் துயிலியே 1907இற் காலமானார். 1929இல் நினைவுகளைக் கூறியவர் அவருடைய மகள் பேர்த் ஆவார். பட்டறையின் உரிமையாளருக்கே பாதிப் பெயர்தான் வரலாற்றில் எஞ்சியது எனின், அங்கு தூரிகை பிடித்த 220 பெண்களின் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

வன்சென்னின் இயந்திரங்கள்

படத்தொழில் பெருகியபோது கைத்தூரிகை போதாதாயிற்று. பாத்தே நிறுவனம், பாரிசை அடுத்த வன்சென்னில் அமைந்த தன் ஆலையில், 1900களின் நடுப்பகுதியிலிருந்து வெட்டுத்தகட்டு முறையைக் கையாண்டது. ஒவ்வொரு நிறத்திற்கும் படத்தின் பிரதியொன்றை எடுத்து, அந்நிறம் விழவேண்டிய பகுதியைச் சட்டந்தோறும் வெட்டி நீக்கினர். முதலிற் சிறு கத்தியால் நடந்த இவ்வேலைக்குப் பின்னர் இயந்திரம் வந்தது. தொழிற்பெண் பெருக்கிக் காட்டப்பட்ட படத்தின் ஓரத்தை ஒரு கோலினால் தொடர்வாள். அக்கோலோடு பிணைக்கப்பட்டு மின்காந்தத்தால் அதிரும் ஊசி, தையல் இயந்திரத்தின் ஊசியைப் போன்று, சிறு சட்டத்தில் அதே வடிவத்தை வெட்டும்.

வெட்டி முடிந்த சுருளிலிருந்து ஜெலற்றின் படையைக் கரைத்து நீக்கினர். எஞ்சிய தெளிந்த பட்டியே வெட்டுத்தகடு. அதனைத் திரையிடப்படும் பிரதியோடு பொருத்தி ஓடவிட்டு, சாயத்தில் தோய்ந்த வெல்வெட்டுப் பட்டியால் மேலே தடவினர். துளைகளினூடாகச் சாயம் பிரதியிற் சென்று சேர்ந்தது. ஒரு முறை வெட்டிய தகட்டினால் எத்தனையோ பிரதிகளுக்கு நிறமிடலாம். வெட்டும் செலவு ஒரு பிரதிக்கும் நூறு பிரதிக்கும் ஒன்றே. ஆகவே பிரதிகள் பெருகப்பெருக நிறம் மலிந்தது. உலகெங்கும் படம் விற்ற பாத்தே போன்ற பெருநிறுவனமே இம்முறையாற் பயன் பெற்றது. சிறு பட்டறைகள் அதனோடு போட்டியிட இயலாது பின்தங்கின. இங்கும் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்கள் பெண்களே. நிறத்தைத் தெரியும் பொறுப்பு அவர்கள் கையைவிட்டு நீங்கியது. வெட்டும் திறமை மட்டும் எஞ்சியது.

வெளிற்றல்

இதுவரை கூறியவை வெள்ளியின் மேல் சாயத்தை இடும் முறைகள். இனி வெள்ளியையே மாற்றும் முறைகளை நோக்குவாம். இவற்றின் மூலம் ஒளிப்படக் கலையாகும். 1883இல் ஹாவட் பாமர் என்பவர், பொற்றாசியம் பெரிசயனைட்டையும் சோடியம் தயோசல்பேற்றையும் கலந்து படிமத்தின் கருமையைக் குறைக்கும் முறையை வெளியிட்டார். பெரிசயனைட்டு வெள்ளியை ஒட்சியேற்றி வெளிறிய உப்பாக மாற்றும். தயோசல்பேற்று அவ்வுப்பைக் கரைத்துக் கழுவிவிடும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பெரிசயனைட்டோடு தயோசல்பேற்றைச் சேர்க்காது புரோமைட்டைச் சேர்த்தால், வெள்ளி வெள்ளிப் புரோமைட்டாக மாறிப் படம் வெளிறும். ஆனால் அது அழிவதில்லை. கண்ணுக்கு மங்கலாகத் தோன்றினும் ஒவ்வொரு துணிக்கையும் தன் இடத்திலேயே இருக்கின்றது. மீண்டும் உருத்துலக்கும் கரைசலில் இட்டால் பழைய கருமை திரும்பிவரும். சல்பைட்டுக் கரைசலில் இட்டால் வெள்ளிச் சல்பைட்டாகிக் கபில நிறம் பெறும். வெளிற்றல் வேறு, அழித்தல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்வாராக.

கபிலமாக்கிய படிமம் கரும்படிமத்தினும் மென்மையானது. எண்ணெய் நிறங்கள் அதன்மீது உயிர்ப்போடு நிற்கும். ஆதலின் காகிதப் படங்களுக்கு நிறந்தீட்டிய ஒளிப்படக் கலையகங்கள் முதலில் அவற்றை வெளிற்றிக் கபிலமாக்குவதை விரும்பின. கன்னத்தில் இளஞ்சிவப்பும் சேலைக்கரையில் பொன்னிறமும் தீட்டப்பட்ட பழைய படங்கள் எம்மவர் வீடுகளிலும் இன்னும் சில தொங்குகின்றன. அவற்றிற் கலையகத்தின் முத்திரையைக் காணலாம். தீட்டியவரின் பெயரைக் காண்பது அரிது.

படச்சுருளிலும் இவ்விரசாயனம் பயன்பட்டது. வெள்ளியை வெளிற்றி இரும்பின் உப்பாக மாற்றினால் நிழற்பகுதிகள் ஆழ்ந்த நீலமாகும். யுரேனிய உப்பாயின் செங்கபிலமாகும். வேறொரு முறையில் வெள்ளியை வெள்ளி அயடைட்டு அல்லது செப்புப் பெரோசயனைட்டு ஆக்கினர். இவ்வுப்புக்கள் சாயத்தைப் பற்றிப் பிடிக்கும் இயல்புடையன. சேலைக்குச் சாயமிடுவோர் துணியிற் சாயம் பிடிக்கப் படிகாரம் இடுவதைப் போன்றது இது. முன்னர் வெளிறிய இடத்தில் மாத்திரம் நின்ற நிறம், இப்போது கருமை இருந்த இடத்திலேயே குடிகொண்டது.

ஐக்கிய அமெரிக்காவில் மக்ஸ் ஹான்ட்ஷீகல் என்னும் செதுக்கச்சுக் கலைஞர், செசில் பி. டிமில்லின் 1916ஆம் ஆண்டைய 'பெண்ணாகிய ஜோன்' என்னும் படத்திற்குக் கையாண்ட முறை இரு வழிகளையும் இணைத்தது. நிறம் வேண்டிய பகுதியைக் கையால் மறைத்துத் தீட்டிய பிரதியிலிருந்து ஓர் அச்சுச்சுருள் எடுக்கப்பட்டது. அதனை வெளிற்றும் கரைசல் ஜெலற்றினைக் கடினமாக்கவும் செய்தது. கடினமாகாத பகுதி மாத்திரம் சாயத்தை உறிஞ்சியது. அதனைப் பிரதியோடு அழுத்தியபோது சாயம் இடம்மாறியது. ஜெலற்றினிற் சாயத்தை ஊறவைத்து இடம்மாற்றும் இதே தத்துவம் பின்னர் ரெக்னிக்கலர் பிரதிகளுக்கும் அடிப்படையாயிற்று. ஆகவே 1930களின் 'விஞ்ஞான' நிறம் முன்னைய பட்டறைகளிலிருந்து வேறுபட்ட புதுப்பிறவி அன்று.

இவற்றின் வீழ்ச்சிக்கு ஒலியும் ஒரு காரணமாயிற்று. படத்தின் ஓரத்தில் ஒலித்தடம் இடம்பெற்றதும், சாயம் தோய்ந்த பட்டி ஒலியை வாசிக்கும் ஒளியை உறிஞ்சிக் கெடுத்தது. 1929இற் கொடாக் நிறுவனம் ஒலிக்கு இடையூறு செய்யாத சாயப் பட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதிலும் பழைய வழக்கம் நிலைக்கவில்லை.

ஒரு மாணவனின் குளியற்றொட்டி

கைந்நிறம் வணிகத்திலிருந்து மறைந்த அக்காலத்தில், வேறோர் இடத்தில் அது மீண்டும் தோன்றியது. 1930களின் முற்பகுதியில் கிளாஸ்கோ கலைக்கல்லூரியில் நோர்மன் மக்லாரன் என்னும் மாணவர் பயின்றார். படம் எடுக்க அவரிடம் கருவி இருக்கவில்லை. ஓடித் தேய்ந்த பழைய படப்பிரதி ஒன்றைப் பெற்று, அதனைக் குளியற்றொட்டியில் ஊறவைத்து, படிமம் முழுவதையும் நீக்கினார். தெளிந்த பட்டியின் மீது மையாலும் சாயத்தாலும் நேரே தீட்டினார். முன்னர் நாம் வகுத்த மூன்றாவது வழி இதுவேயாகும்.

இங்கும் இரசாயன வேறுபாடு முக்கியமானது. பெரிசயனைட்டு வெள்ளியை மட்டும் தாக்கும். ஜெலற்றின் படை எஞ்சி நின்று நீர்ச்சாயத்தை உறிஞ்சும். சலவைக்குப் பயன்படும் ஐப்போகுளோரைற்றுக் கரைசலோ ஜெலற்றினையே கரைத்துவிடும். எஞ்சும் வழுவழுப்பான பட்டியில் நீர்ச்சாயம் துளிதுளியாகத் திரண்டு ஓடும். ஒட்டும் தன்மையுள்ள மையோ மெருகெண்ணெய் நிறமோ வேண்டும். எதனை அகற்றுகிறோம் என்பதே எதனைத் தீட்டலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது.

நியூசிலாந்திற் பிறந்த லென் லை, பிரித்தானிய அஞ்சற் பகுதியின் படப்பிரிவுக்காக 1935இல் 'ஒரு நிறப்பெட்டி' என்னும் படத்தை இவ்வாறே பட்டியின் மீது நேரே தீட்டி வெளியிட்டார். மக்லாரன் கனடாவின் தேசியப் படச்சபையிற் சேர்ந்து, ஈவ்லின் லாம்பாட் என்னும் பெண் கலைஞரோடு இணைந்து 1949இல் ஒஸ்கார் பீற்றர்சனின் இசைக்கு அமைந்த படமொன்றைத் தீட்டினார். லாம்பாட்டின் பெயரும் இணை இயக்குநராக அப்படத்திற் பொறிக்கப்பட்டது.

இவர்களின் படைப்புக்கள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு வினா எழுகின்றது. பட்டியும் அதே பட்டி. தூரிகையும் அதே தூரிகை. துயிலியே பட்டறையின் பெண் செய்தது 'வேலை' எனவும், மக்லாரன் செய்தது 'கலை' எனவும் எதனால் வழங்கப்படுகின்றன? மக்லாரன் தாமே கருதியதைத் தீட்டினார், அப்பெண்கள் பிறர் கூறியதைத் தீட்டினர் என விடை கூறலாம். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் அது முழு விடையன்று. கருதும் உரிமை யாருக்கு அளிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதும் வரலாற்று வினாவே. நாட்கூலி பெற்று ஒரே நிறத்தைத் தீட்டியவளிடம் கலைத்திறன் இருக்கவில்லை எனக் கூற எவ்வித ஆதாரமும் இல்லை. அத்திறனைக் காட்டும் இடம் அவளுக்கு வழங்கப்படவில்லை என்பதற்கு மாத்திரமே ஆதாரம் உண்டு.

அழிந்தவையும் வெளிறியவையும்

இந்நிறங்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு இராணுவம் மெலியெசின் நானூறுக்கு மேற்பட்ட பிரதிகளைக் கைப்பற்றி உருக்கியது. வெள்ளி பிரித்தெடுக்கப்பட்டது. செலுலொயிட் பாதணிகளின் குதிகளாயிற்று. 1923இல் மெலியெஸ் மனமுடைந்து தம்மிடம் இருந்த மூலச்சுருள்களைத் தாமே எரித்தார். எஞ்சிய பல படங்களுக்கு வேறு விதி காத்திருந்தது. நைத்திரேற்றுச் செலுலொயிட் எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் சுவடிக்கூடங்கள் பழைய படங்களைப் பாதுகாப்பான பட்டிகளிற் பிரதிசெய்தன. ஆனால் 1970கள் வரையும் அதற்குப் பின்னரும் அப்பிரதிகளுட் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கப்பட்டன. பிரதி எடுத்தபின் மூலம் கைவிடப்பட்டதும் உண்டு. மௌனப்படம் நிறமற்றது என்னும் நமது எண்ணம் பெருமளவில் இச்செயலின் விளைவாகும். காக்க எண்ணியவர்களே நிறத்தை வெளிற்றினர். 1995இல் அம்ஸ்ரடாமில் ஆய்வாளரும் சுவடிக்காப்பாளரும் கூடி மௌனப்படத்தின் நிறத்தை ஆராய்ந்தபோதே இத்தவறு பரவலாக உணரப்பட்டது.

அதற்கு ஈராண்டின் முன், 1993இல், மெலியெசின் 'சந்திரனுக்கு ஒரு பயணம்' (1902) என்னும் படத்தின் கைந்நிறப் பிரதியொன்று பார்சலோனாவிற் கிடைத்தது. சுருள் ஒட்டி இறுகியிருந்தது. பல ஆண்டுகள் முயன்று சட்டம் சட்டமாகப் பிரித்தெடுத்து, 13,375 சட்டங்களைச் சீர்செய்து, 2011 மே மாதம் கான் திரைப்பட விழாவில் அதனைத் திரையிட்டனர். அப்பிரதியில் வரும் கொடியொன்று ஸ்பானியக் கொடியின் நிறத்தில் தீட்டப்பட்டுள்ளது. ஸ்பானியச் சந்தைக்காகத் தீட்டப்பட்டதென்பதை அந்நிறமே நமக்கு உணர்த்துகின்றது. எழுத்திற் பதியாத செய்தியை ஒரு தூரிகைத் தடம் பதிந்து வைத்திருந்தது. தீட்டியவரின் பெயர் மட்டும் அதில் இல்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் புலனாகின்றன. நிறம் திரைப்படத்தோடு உடன்பிறந்தது. அது பெரும்பாலும் பெண்களின் கையுழைப்பாற் கிடைத்தது. அவ்வுழைப்பு மறைந்தமைக்குக் காலத்தின் இயல்பான போக்கை மாத்திரம் காரணங்கூறல் பொருந்தாது. எதனைக் காக்கத்தக்கது, யாரைக் கலைஞர் என அழைக்கத்தக்கது என மனிதர் செய்த தெரிவுகளும் அதற்குக் காரணமாயின.

இராணுவம் உருக்கிய நானூறு பிரதிகள் தயோசல்பேற்றிற் கரைந்த வெள்ளியைப் போன்றவை. அவை மீளா. துயிலியே பட்டறையினதும் வன்சென் ஆலையினதும் பெண்களின் வரலாறு அவ்வாறு முற்றாகக் கரைந்துவிடவில்லை. சம்பளப் பதிவேடுகளிலும் பழைய ஒளிப்படங்களிலும் சுவடிக்கூடத் தகரப்பேழைகளிலும் அது வெளிறிய நிலையில் இன்னும் எஞ்சியிருக்கலாம். வெளிற்றிய படிமம் மீண்டும் உருத்துலங்கக்கூடியது என்பதை இரசாயனம் கற்பிக்கின்றது. அதனைத் துலக்கும் கடமை வரலாறு பயிலும் எம்மைச் சார்ந்தது.